பாட்டு முடிந்த பிறகும் வாசிக்கிறார்

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் மாமாவும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் தையல் மிஷினில் உட்கார்ந்து எழுந்தால் கொஞ்சம் முணுமுணுக்கிறது. உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? நாள் பூராவும் காதில் அந்தக் கிண்ணங்களை மாட்டிக்கொண்டு ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்தால் கழுத்து வலிக்காமல் என்ன செய்யும்.

போனில் பேசாமல் ஏன் மெயில் போடுகிறேன் என்று நினைப்பாய். போனில் நீ "ம்… ம்…" என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்க்கிறாய், எனக்குத் தெரியும். எழுதினால் படித்துத்தான் ஆகவேண்டும். தவிர, எங்கள் வீடு இரண்டு அறை. போனில் பேசுவதெல்லாம் உன் மாமா காதில் விழும். அவரைப் பற்றித்தான் பாதி பேச வேண்டியிருக்கிறது.

விஷயம் இதுதான். நான் பாட, உன் மாமா தபேலா வாசிக்க, வீட்டிலேயே வீடியோ எடுத்து இணையத்தில் போட ஆரம்பித்திருக்கிறோம். நான் சின்ன வயதில் பாடிய பாட்டு எதுவும் தொண்டையை விட்டுப் போகவில்லை. கடையில் சட்டை ஆல்டரேஷன் செய்துகொண்டே முணுமுணுப்பேன், வாடிக்கையாளர்கள் "நல்லா பாடறீங்களே, வீடியோ போடலாமே" என்று ஏற்றிவிட்டார்கள். ஏறிவிட்டேன்.

முதல் வீடியோவைப் பார்த்தால் எனக்கே அழுகை வருகிறது. மின்விசிறி கர்ர் என்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் துளை போடுகிறார். நடுவில் குக்கர் ஒரு விசில் அடிக்கிறது, அதுவும் சுதி சேர்ந்து அடித்தாலாவது பரவாயில்லை. எல்லாவற்றுக்கும் மேலே தபேலா. அறை சின்னது என்பதால் என் குரலுக்கு வைத்த மைக்கில் அவர் அடிக்கும் அடிதான் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி விழுகிறது. நான் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிறேன்.

ஒலியைச் சரிசெய்யும் மென்பொருளை ஒரு வழியாகக் கணினியில் இறக்கிவிட்டேன். திறந்தால் விமானம் ஓட்டுகிற இடம் மாதிரி இருக்கிறது. துணி வெட்டுகிறவளுக்குச் சத்தம் வெட்டவா தெரியாது? நீ சொல்லிக்கொடு. மற்றவை உன் பதில் கண்டு. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

---

ஜனவரி 13

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுகிறேன். நலம். கழுத்து, நீ விசாரித்த மரியாதைக்காக இரண்டு நாள் வலிக்காமல் இருந்தது. மாமாவுக்கு என் வணக்கம். அவருடைய பயிற்சிக் கார் மறுபடி யாருடைய மதில் சுவரையும் முத்தமிடவில்லையே?

வீடியோ பார்த்தேன். உன் குரல் அப்படியே இருக்கிறது அக்கா. குக்கரும் மோசமில்லை.

இங்கே விளம்பரத்தில் பேசுகிறவர்களின் தொண்டைச் செருமலையும் இருமலையும் வெட்டி எறிவதுதான் என் பிழைப்பு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இரண்டு பேரும் ஒரே அறையில் உட்காராதீர்கள். நீ படுக்கையறையில் கதவு, ஜன்னலை மூடி, விசிறியை நிறுத்தி, கம்பளியைத் தொங்கவிட்டுப் பாடு. மாமா வேறு இடத்தில் வாசிக்கட்டும். இரண்டு பேர் காதிலும் ஒரே வேகத்தில் டிக் டிக் என்று தாளம் காட்டும் செயலி ஓடட்டும். இதுதான் முக்கியம். முதல் டிக்கில் இரண்டு பேரும் ஒரு தடவை கைதட்டிவிட்டு ஆரம்பியுங்கள். கணினியில் உன் குரல் ஒரு பட்டை, தபேலா ஒரு பட்டை. கைதட்டல் இரண்டையும் ஒரே கோட்டில் வைத்துவிட்டால் மீதி எல்லாம் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

இரைச்சலை எடுக்கிற வசதி ஒன்று இருக்கிறது. அதை உப்பு மாதிரி பயன்படுத்து. முழங்காலுக்கு மாத்திரை மட்டும் போடாதே, டாக்டரிடமும் காட்டு.

உன் வாலு

---

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதினால் நீ சிரிப்பாய், ஆனால் ஆவல்தான். முழங்காலை டாக்டரிடம் காட்டினேன். அவர் என்னை விட்டுவிட்டு, அவருடைய கோட்டைக் கொஞ்சம் பிடித்துத் தைக்க முடியுமா என்று கேட்டார்.

நீ சொன்னபடியே எல்லாம் செய்தோம். உன் மாமாவுக்கு இடம் தேடினோம். குளியலறையில் வாசித்தால் குகைக்குள் யானை நடக்கிற மாதிரி எதிரொலி. கடைசியில் அவரே கண்டுபிடித்தார், பயிற்சிக் கார். கீழே நிறுத்தியிருக்கும் காரின் பின்சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தால் எதிரொலியே இல்லை. மேலே ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் பலகை, உள்ளே தபேலா. போகிறவர் வருகிறவர் எல்லாம் குனிந்து பார்க்கிறார்கள். நான் பாடுவதையும் அவர் காதில் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாமாம். "உன் பாட்டு காதுல விழுந்தா நான் உன் பின்னாலேயே வந்துடுவேன். தம்பி சொன்ன டிக் டிக் மட்டும் போதும்" என்றார்.

எனக்கு அந்த டிக் டிக் ஒத்துவரவில்லை. பாட்டில் உருகும்போது பல்லி கத்துகிற மாதிரி இருக்கிறது. கைதட்டல் முடிந்ததும் சத்தத்தை நன்றாகக் குறைத்துவிடுகிறேன். எனக்குத் தாளம் ரத்தத்திலேயே இருக்கிறது, அவருக்குத்தான் டிக் டிக் தேவை.

இரைச்சலை எடுத்தேன். கொஞ்சம் எடுத்ததும் நன்றாக இருந்தது, அதனால் இன்னும் கொஞ்சம் எடுத்தேன். இப்போது தகர டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுகிறவள் மாதிரி இருக்கிறேன். பிறகு என் மூச்சுச் சத்தம் பிடிக்கவில்லை என்று ஒவ்வொரு மூச்சாக உட்கார்ந்து வெட்டினேன். உன் மாமா பார்த்துவிட்டு, "மூச்சே விடாம பாடறியே, பார்க்கவே பயமா இருக்கு" என்றார். ரசிக்கத் தெரியாத மனுஷன்.

உன் அக்கா

---

பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இங்கே வேலை கழுத்துவரை இருக்கிறது, அதனால் வலியும் கழுத்துவரைதான். மாமாவும் நீயும் நலம்தானே?

மாமா சொன்னது சரி. மூச்சை வெட்டாதே, சத்தத்தை மட்டும் கொஞ்சம் தாழ்த்து. கேட்கிறவர்களும் உன்னோடு சேர்ந்து மூச்சு விட வேண்டும், இல்லாவிட்டால் பாட்டு முடிவதற்குள் களைத்துப்போவார்கள்.

டிக் டிக்கைக் குறைத்தாலும் காதில் விழுகிற மாதிரி வை. இதை மறக்காதே.

காருக்குள் தபேலா அருமையான யோசனை. எங்கள் ஸ்டுடியோவில் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை.

வாலு

---

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தான், ஆனால் தலைக்கு மேல் வேலை. நீ எப்படி இருக்கிறாய்? கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

இப்போது நான் பழைய அக்கா இல்லை. அலையைப் பார்த்தே இது "ஆ", இது இருமல் என்று சொல்லிவிடுவேன். கம்பளிக்குப் பின்னால் பாடினாலும் பெரிய மண்டபத்தில் பாடுவது போல் காட்டத் தெரிந்துவிட்டது. பார்க்கிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள்.

ஆனால் ஒரு ரகசியம். இது உனக்கும் எனக்கும் நடுவில் இருக்கட்டும்.

உன் மாமாவுக்குத் தாளம் நிற்கவில்லை. ஆரம்பத்தில் சேர்ந்துதான் வருகிறார். முதல் சரணம் வருவதற்குள் ஒரு மயிரிழை பின்தங்குகிறார். இரண்டாவது சரணத்தில் நான் ஒரு தெருவில் இருக்கிறேன், அவர் அடுத்த தெருவில் இருக்கிறார். நான் பாட்டை முடித்து, கும்பிட்டு, எழுந்து போன பிறகும் மனுஷர் வாசித்துக்கொண்டே இருக்கிறார். ஒரு பாட்டு விடாமல் இதே கதை. கல்யாணம் ஆன நாளிலிருந்து எதிரே உட்கார்ந்து வாசித்தபோது இப்படி இல்லையே, வயதாகிவிட்டதோ என்று எனக்கே கஷ்டமாக இருக்கிறது.

அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. சட்டை தொளதொளவென்று இருந்தால் வாடிக்கையாளரிடம் "நீங்க இளைச்சுட்டீங்க" என்று சொல்வோமா? பேசாமல் உள்ளே பிடித்துத் தைத்துக் கொடுப்போம். அதையே செய்கிறேன். என் குரல் பட்டையை அளவுச் சட்டையாக மேலே வைத்துக்கொண்டு, அவர் அடித்த ஒவ்வொரு அடியையும் வெட்டி முன்னால் இழுத்து என் பாட்டோடு ஒட்டவைக்கிறேன். கடைசியில் மிஞ்சுகிற துண்டை வெட்டி எறிகிறேன். கண் பூத்துப்போகிறது, ஆனால் கேட்டால் ஒரு தையல் தெரியாது.

ஒரே சிக்கல், சத்தத்தை நகர்த்தலாம், கையை நகர்த்த முடியாது. அவர் கை ஓரிடத்தில் விழுகிறது, சத்தம் வேறிடத்தில் வருகிறது. அதனால் இப்போதெல்லாம் படத்தில் அவருடைய முகத்தை மட்டும் வைக்கிறேன். "சார் என்ன ரசிச்சுத் தலையாட்டறார்" என்று கருத்து எழுதுகிறார்கள்.

இனிமேல்தான் பெரிய சிக்கல். எங்கள் தெரு முனை நூலகத்தில் புதிதாக ஒரு சின்ன அரங்கம் கட்டியிருக்கிறார்கள். நூலகத்து அம்மா என்னிடம்தான் பாவாடை ஓரம் அடிக்கக் கொடுப்பார், வீடியோக்களை ஒன்று விடாமல் பார்க்கிறார். ஜூன் கடைசியில் வந்து நேரில் பாடுங்கள், சார் கட்டாயம் வாசிக்க வேண்டும் என்கிறார். உன் மாமாவுக்குத் தரையில் கால் இல்லை. சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டார்.

நேரில் எப்படி வெட்டி ஒட்டுவது? தெருவே பார்க்க மானம் போகும். அவர் மானத்தைத்தான் சொல்கிறேன். அதனால் ஒரு யோசனை செய்திருக்கிறேன். நான் இழுத்துச் சரிசெய்த தபேலாவை ஒலிபெருக்கியில் ஓடவிடுவோம். உன் மாமா சும்மா பக்கத்தில் உட்கார்ந்து கையை அசைத்தால் போதும், சத்தம் வராத மாதிரி ஒரு துணியைத் தபேலா மேல் போட்டுவிடுகிறேன். நீ நிபுணன், சுத்தமாக ஒரு தபேலா ட்ராக் தயார் செய்து கொடு. அவர் காரில் வாசித்ததையும் நான் பாடியதையும் வெட்டாமல் அப்படியே இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்றும் நீயே சொல்.

உன் அக்கா

---

ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுகிறேன். நான் நலம். நீ நலமா? மாமா நலமா? முழங்கால் எப்படி இருக்கிறது? வலதா இடதா என்று கேட்கவே மறந்துவிட்டேன் பார். தூக்கம் எல்லாம் சரியாக வருகிறதா? கண் பூத்துப்போகிறது என்றாயே, கண்ணாடியை மாற்றிப் பார். தையல் மிஷினுக்கு எண்ணெய் போட்டாயா? மாமாவுக்கு நாள் முழுக்க இடது சீட்டில் உட்கார்ந்து இடுப்பு பிடிக்குமே, அது எப்படி? பக்கத்து வீட்டுக்காரர் துளை போட்டு முடித்துவிட்டாரா? அவரும் நலம்தானே?

இங்கே வெயில் கொஞ்சம் அதிகம். கோப்புகள் வந்து சேர்ந்தன. கேட்டேன். பார்க்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வாலு

---

மே 2

தம்பிக்கு,

முழங்கால் இரண்டும்தான். பக்கத்து வீட்டுக்காரர் உட்பட எல்லாரும் நலம். நீ பிறந்ததிலிருந்து உன்னைப் பார்க்கிறேன், இவ்வளவு நலம் விசாரித்து நான் பார்த்ததில்லை. கண்ணாடி ஜாடியை உடைத்துவிட்டு "அக்கா, உனக்குத் தலை வலிக்குதா" என்று கேட்டுக்கொண்டு வந்தாயே, அது போல் இருக்கிறது.

ட்ராக் எங்கே? மாமாவிடம் என்ன சொல்வது? அதற்கு மட்டும் பதில் போடு.

அக்கா

---

மே 5

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். நலம், உங்கள் நலம் நாடுகிறேன். நான் உங்களுக்கு எழுதுவது இதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். கற்றுக்கொள்ள வந்த பெண் ஒருத்தி ஓட்டுநர் உரிமத் தேர்வுக்கு உள்ளே போயிருக்கிறாள், அவள் வருவதற்குள் காரிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் அக்காவுக்கு இது தெரிய வேண்டாம். மூன்று மாதமாக வீடியோவில் என் கையே வரவில்லை. முதலில் என் முகம் அவளுக்கு அவ்வளவு பிடித்துவிட்டதாக்கும் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அப்புறம் சந்தேகம் வந்தது. வீடியோவில் கேட்கிற தபேலா என்னுடையது, ஆனால் நான் வாசித்தது அது இல்லை. ஒரு நாள் அவள் கடைக்குப் போன பிறகு, நான் வாசித்ததை வெட்டாமல் அவள் பாட்டோடு சேர்த்துப் போட்டுக் கேட்டேன். நான் எங்கேயோ பின்னால் வந்துகொண்டிருக்கிறேன், மாப்பிள்ளை. பாட்டு முடிந்த பிறகும் தனியாக வாசிக்கிறேன். பைத்தியக்காரன் மாதிரி இருந்தது.

கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் காலையிலிருந்து சாயங்காலம் வரை "மெதுவா, மெதுவா" என்று சொல்லிச் சொல்லி என் கையும் மெதுவாகிவிட்டது போலிருக்கிறது. இவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ராப்பகலாக உட்கார்ந்து என் ஓட்டையை அடைத்திருக்கிறாள்.

நூலகத்தில் அவளுக்கு என்னால் தலைகுனிவு வரக்கூடாது. தபேலாவுக்கு உறை போட்டு அலமாரி மேல்தட்டில் வைத்துவிட்டேன், மணிக்கட்டு சுளுக்கு என்று சொல்லியிருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்த நல்ல தபேலாக்காரர் இந்தப் பக்கம் இருந்தால் அவளிடம் சொல்லவும். இனிமேல் நான் வாசிப்பதாக இல்லை.

இப்படிக்கு,
மாமா

---

மே 6

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நலம். உங்கள் மணிக்கட்டும் நலம் என்று எனக்குத் தெரியும்.

தபேலாவை முதலில் கீழே இறக்குங்கள். நீங்கள் வாசித்த பட்டையையும் அந்த டிக் டிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கைதட்டலிலிருந்து கடைசி அடி வரை நீங்கள் டிக் டிக்கை விட்டு ஒரு துளி அசையவில்லை. எங்கள் ஸ்டுடியோவுக்கு வருகிற பெரிய கைகள்கூட இப்படி வாசிப்பதில்லை. நீங்கள் பின்னால் வரவில்லை மாமா. அக்காதான் டிக் டிக்கை அடக்கிவிட்டு முன்னால் ஓடியிருக்கிறாள். நீங்கள் கடைசியில் தனியாக வாசித்தீர்களே, அப்போதுதான் பாட்டு உண்மையில் முடிய வேண்டிய நேரம். அவள் முன்கூட்டியே வீடு போய்ச் சேர்ந்துவிட்டாள்.

எனக்கு இது தெரிந்து நாளாயிற்று. அக்காவிடம் சொல்லப் பயந்து நலம் விசாரித்துக்கொண்டிருந்தேன். அவளோ, நூலகத்தில் தபேலாவை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, நீங்கள் சும்மா கையை அசைத்தால் போதும் என்று திட்டம் போட்டிருக்கிறாள். நீங்கள் தபேலாவை மேலே வைத்துவிட்டதாக எழுதிய பிறகு என் பயமெல்லாம் வெட்கமாகிவிட்டது. இந்த வாரமே அவளுக்கு எழுதிவிடுகிறேன்.

உங்கள் மாப்பிள்ளை

---

மே 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். உங்கள் கடிதத்தைக் காரிலேயே மூன்று தடவை படித்தேன். பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்தவர் எதிரே வந்த பேருந்தைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. தப்பித்தோம்.

கை சரியாக இருக்கிறது என்றதும் அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் நீங்கள் சொல்வது எனக்கு எப்போதோ தெரிந்ததுதான். எதிரே உட்கார்ந்து வாசிக்கும்போது அவள் ஓடுவாள், நானும் சேர்ந்து ஓடுவேன். அது பழகிப்போய் அதுதான் தாளம் என்று இரண்டு பேருமே இருந்துவிட்டோம்.

ஆனால் அவளுக்கு எழுதாதீர்கள். உங்கள் அக்காவை உங்களுக்குத் தெரியும். தப்பு என்று தெரிந்தால் பாட்டையே நிறுத்திவிடுவாள். நாள் பூராவும் குனிந்து தைக்கிறவள், பாடும்போதுதான் நிமிர்ந்து உட்காருகிறாள். அதை நான் எதிரே உட்கார்ந்து பார்க்கிறவன். அதற்காக நான் மெதுவான ஆளாகவே இருந்துவிட்டுப் போகிறேன். கையை அசைக்கச் சொன்னால் அசைக்கிறேன், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

மாமா

---

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும் என்று மனதார நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நீ கேட்ட ட்ராக்கை நான் தயார் செய்யப்போவதில்லை. அதற்குப் பதிலாக ஒரு கோப்பு அனுப்பியிருக்கிறேன். அதில் மூன்று பட்டை இருக்கிறது. மேலே டிக் டிக். நடுவில் மாமா வாசித்தது, எதையும் தொடவில்லை. கீழே நீ பாடியது, அதையும் தொடவில்லை. முதலில் மேலே இருக்கிற இரண்டையும் மட்டும் சேர்த்துக் கேள். பிறகு மாமாவை மூடிவிட்டு, மேலேயும் கீழேயும் கேள். கடையில், ஆள் இல்லாத நேரத்தில் கேள். கையில் கத்தரிக்கோல் இல்லாமல் கேள்.

மாமாவுக்கு மணிக்கட்டில் ஒன்றும் இல்லை. இதை எழுத வேண்டாம் என்று ஒருவர் என்னிடம் கெஞ்சினார். அதனால்தான் நான் எதையும் எழுதவில்லை, கோப்பைத்தான் அனுப்பியிருக்கிறேன். இதற்கு மேல் ஒரு வரி எழுதினாலும் அடுத்த தடவை வரும்போது எனக்குக் கதவு திறக்க மாட்டாய்.

வாலு

---

ஜூலை 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். உன் கழுத்துக்குத் தலையணை ஒன்று தைத்து அனுப்பியிருக்கிறேன், உள்ளே இலவம் பஞ்சு. நடுவில் நீ போட்ட "அக்கா, கோபமா" கடிதங்கள் எல்லாம் வந்தன. பதில் போட நேரமில்லை. கோபமும் இருந்தது.

கோப்பைக் கேட்டேன். கடையை மூடிவிட்டுக் கேட்டேன். நீ சொன்ன வரிசையிலேயே கேட்டேன். பிறகு, நம்பாமல், நீதான் ஏதோ இழுத்துவிட்டாய் என்று என்னிடம் இருந்த பழைய பதிவுகளை எல்லாம் எடுத்து டிக் டிக்கை வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன்.

தையல்காரியாக ஒன்று மட்டும் சொல்கிறேன். அளவுக்குக் கொடுத்த சட்டையே கோணலாக இருந்தால், அதை வைத்துத் தைத்த சட்டை அத்தனையும் கோணல்தான். தையல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் சரி. இதைப் பற்றி நான் இதற்கு மேல் எழுதப்போவதில்லை. நீயும் எழுதாதே. நேரில் வரும்போது சிரிக்கவும் கூடாது.

வீட்டுக்கு வந்து ஸ்டூலைப் போட்டு ஏறி, அலமாரி மேல்தட்டிலிருந்து தபேலாவை நானே இறக்கினேன். உன் மாமா ஓடிவந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, "முழங்காலை வெச்சுக்கிட்டு எதுக்கு ஏர்றே" என்றார். உறையைக் கழற்றித் துடைத்து அவர் முன்னால் வைத்தேன். "கொஞ்சம் மெதுவா வாசிங்க. நான் வந்து சேர்ந்துக்கறேன்" என்று மட்டும் சொன்னேன். அவர், மணிக்கட்டு சுளுக்கு என்பது மறந்துபோய் அந்தக் கையாலேயே தபேலாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து தினமும் டிக் டிக்கைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு பாடினேன். எத்தனை தடவை ஓடினேன் என்று கேட்காதே. ஒரு நாள் அந்தச் செயலியைத் தூக்கி ஜன்னல் வழியாக எறியப் போனேன், அது போனுக்குள் இருக்கிறது என்பதால் விட்டுவிட்டேன்.

நூலகத்தில் நல்ல கூட்டம். டாக்டர் வந்திருந்தார், நான் பிடித்துக் கொடுத்த கோட்டோடு. உரிமத் தேர்வில் பாஸான பெண் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நூலகத்து அம்மா எழுந்து, இவர்கள் இணையத்தில் எப்படி ஒட்டி ஒட்டி வருகிறார்கள் தெரியுமா என்று அறிமுகம் செய்தார். எனக்குத் தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. உன் மாமா பவ்யமாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்கே கைதட்டினார்கள்.

முதல் இரண்டு பாட்டும் ஒழுங்காகப் போயின. மூன்றாவது பாட்டில், இரண்டாவது சரணத்தில், அந்த உருகுகிற இடம் வந்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஓட ஆரம்பித்துவிட்டேன். பக்கத்தில் டொக் என்று ஒரு சத்தம். சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவர் ஒரு காலை நீட்டி மேடைப் பலகையை அழுத்துகிறார். பயிற்சிக் காரில் அவர் பக்கம் தனியாக ஒரு பிரேக் இருக்குமே, அதை மிதிக்கிறார். கை மட்டும் அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது, முகத்தில் ஒரு மாறுதல் இல்லை. நான் வேகத்தைக் குறைத்தேன். வேறு யாருக்கும் தெரியவில்லை. முதல் வரிசையில் அந்தப் பெண் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அவளுக்கு அந்தக் கால் நன்றாகத் தெரியும்.

வீட்டுக்கு வந்த பிறகு, பலகையை ஏன் மிதித்தீர்கள் என்று கேட்டேன். "தெரிஞ்சு மிதிக்கலை. நீ பக்கத்துல இருந்தா கால் தானா பிரேக்குக்குப் போகுது" என்றார். இத்தனை வருஷமாகவா என்று கேட்டேன். அவர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

நூலகத்தில் எடுத்த வீடியோவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மின்விசிறி இரைகிறது, நடுவில் யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள், என் மூச்சு எல்லாம் கேட்கிறது. அவருடைய கை முழுசாகத் தெரிகிறது. நீ எதையும் சரிசெய்ய வேண்டாம். நானும் கணினியைத் திறந்து, பழக்க தோஷத்தில் கடைசியில் மிஞ்சியதை வெட்டலாம் என்று போனேன். நான் முடித்த இடத்தில் அவரும் முடித்திருந்தார். வெட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். மாமா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

உன் அக்கா